இருநூற்றுப் பன்னிரண்டு செடியும் ஒரு வேரும்

எவரில்டாவுக்கு ஊருக்குள் இன்னொரு பெயர் உண்டு: இருநூத்திப் பன்னெண்டு. அவளே சம்பாதித்த பெயர்தான். மூன்று வருஷம் முன்பு தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து வந்த தாவரக்காரர்கள், லோமா செக்கா மலையில் முள்சீப்புச் செடி எத்தனை நிற்கிறது என்று எண்ணித் தரச் சொன்னார்கள். இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் கிடையாதாம். ஆடு மேய்க்கிறவளுக்குத் தெரியாத புதரா? ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நூல் கட்டினாள். பாதி நூலை ஆடுகள் தின்றன, மறுபடி கட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கப்புறம் ஞானஸ்நான விருந்தில்கூட அந்த எண்ணைச் சொல்லாமல் அவள் தட்டில் கை வைத்ததில்லை.

அதை நம்பித்தான் காக்க வேண்டிய செடிகளின் பட்டியலில் முள்சீப்புக்கு நாலாம் படி கொடுத்தார்கள். முதல் படி என்றால் அழியப்போகிறது. நாலு என்றால் கவலையில்லை. முதல் இரண்டு படிச் செடி நிற்கும் மலையில் வெடி வைக்க முடியாது. நாலுக்கு அந்தக் காப்பு இல்லை. கல்குவாரிக்காரர்கள் வரைபடத்தில் லோமா செக்காவைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்கள். எவரில்டாவின் ஆடுகளுக்கோ அதை விட்டால் மேய்ச்சல் கிடையாது.

பட்டியலைத் திருத்தும் கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கையில் பெருமழை கொட்டி ஓடைக்கரை சரிந்தது. குட்டியைத் தேடிப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு செடியின் வேர் அடுத்த செடிக்கு ஓடியது, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. தோண்டிய இடமெல்லாம் அதே கதை. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மலை போகும்.

கூட்டத்தன்று மாதா கோயில் கூடத்தில் ஊரே இருந்தது. தாவரக்காரப் பெண் இசாவ்ரா பட்டியலை விரித்தாள்.

"என் கணக்க அடிச்சிடும்மா. அது ஒண்ணுதான்."

"எது ஒண்ணு அக்கா?"

"எல்லாந்தான். ஒரே வேரு. நான் எண்ணுனது கெளைய."

கடைக்கார நிக்கானோர் தொடையில் தட்டிச் சிரித்தான். "அடிப்பாவி! ஒத்தச் செடிய வச்சுக்கிட்டா மூணு வருஷமா எங்க காதத் தின்ன?"

கூடமே சிரித்தது. இசாவ்ரா மட்டும் சிரிக்கவில்லை. "அதுல காய் பாத்திருக்கீங்களா?"

"பூவோட சரி. ஒரு காய் கண்டதில்ல."

"அப்ப அது ஆண் செடி. பொண்ணு செடி தனியா இருக்கணும்."

நிக்கானோரின் சிரிப்பு பாதியில் நின்றது. "காயி கறுப்பா, மொளகு கணக்கா இருக்குமா?"

"ஆமா."

"என் வேலியில ஒண்ணு இருக்கே! எங்கப்பன் ஊணுன குச்சி. வருஷா வருஷம் கொட்டும். பெருக்கியே இடுப்பு போச்சு."

அவ்வளவுதான், ஊரே வேலிக்கு ஓடியது. இசாவ்ரா இலையை முகர்ந்து, காயைக் கீறிப் பார்த்துத் தலையசைத்தாள். எவரில்டாவுக்கு உயிர் வந்தது.

"ஏன் நிக்கானோரு, உன் வேலிக்குப் புருஷன் என் மலையிலயா இருந்தான்?"

"என் வேலியத் தப்பாப் பேசாத!"

"இத்தன வருஷமா தேனீ தூது போயிருக்கு. வீட்டுக்காரன் உனக்குத்தான் கடைசியாத் தெரியுது."

தெரிந்தது மொத்தம் இரண்டே செடி. இசாவ்ரா அங்கேயே நாலாம் படியை அடித்து முதல் படி என்று எழுதினாள். மாதம் திரும்புவதற்குள் வரைபடத்தில் அந்த வட்டம் மறைந்தது.

இப்போது நிக்கானோர் கடை வாசலில், ஆட்டுக்கு எட்டாத உயரத்தில், காலிப் பால் டப்பாக்களில் முள்சீப்பு முளைத்து நிற்கிறது. எவரில்டா அந்தப் பக்கம் போனால், "ரெண்டு வருது பாரு!" என்று அவன் கத்துவான்.

"முப்பத்தொம்பதுன்னு சொல்லு. டப்பாவையும் சேத்து எண்ணிட்டேன்," என்பாள் அவள். "எல்லாம் தனித்தனி வேரு. கிண்டிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."