வெறும் வயிற்று ஊசி

அவர் இறந்துபோன சில மாதங்களில் என் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கணவரை நினைத்தே நான் உருகிப்போகிறேன் என்று ராயபுரத்துச் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். துக்கத்துக்கு யாராவது ரத்தப் பரிசோதனை செய்வார்களா?

காலில் புண் ஆறாமல் போகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரை எகிறியிருந்தது. மாத்திரை போதாது என்று டாக்டரம்மா இரண்டு இன்சுலின் பேனாக்களைக் கொடுத்தார் (எழுதுகிற பேனா இல்லை, மருந்து உள்ளேயே இருக்கும், அளவைத் திருகி வைத்து வயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும்).

"இது நீண்ட நேர இன்சுலின். ராத்திரி போட்டா மறுநாள் முழுக்க மெதுவா வேலை செய்யும். இது வேக இன்சுலின். வெறும் வயித்துல போட்டு, உடனே சாப்பிடணும். வீட்ல கூட யார் இருக்காங்க?"

"நான்தான்" என்றேன்.

அந்தக் கேள்வியிலேயே மனம் நின்றுவிட்டது. வெறும் வயிறு என்பது மட்டும் நினைவில் தங்கியது. உடனே சாப்பிடச் சொன்னது தங்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. வேக இன்சுலினைப் போட்டுக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனேன். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும்வரை சாப்பிடாமலிருப்பது எங்கள் வழக்கம். பிரசங்கத்தின் நடுவே கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் பார்த்துவிட்டு, பாவம் அழட்டும் என்று விட்டுவிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் நான் செத்துக்கொண்டிருந்தேன். எனக்கே அது துக்கம் என்றுதான் பட்டது.

பின்வரிசையிலிருந்த மீன்கார ரீட்டாதான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் மாமியாரும் ஊசி போட்டுக்கொள்பவர்.

"இன்னாக்கா, சில்லுனு கீது? ஊசி போட்டுகினு துன்னாம வந்துட்டியா?"

தலையாட்டினேன்.

"பூசைய அப்பால பாத்துக்கலாம். மொதல்ல இத்த கடிச்சித் துன்னு" என்று பையிலிருந்த மிட்டாய்களைப் பிரித்து வாயில் திணித்தாள். அதற்குப் பெயர் தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடுவது) என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இன்சுலின் தொடங்கியிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். தட்டில் சாப்பாட்டை வைத்த பிறகே வேக இன்சுலினைத் தொடுங்கள். தனியாக இருப்பவர்கள் கட்டாயம் அப்படிச் செய்யுங்கள். அவர் போனபின் அடுப்படியில் நின்றபடி சட்டியிலேயே சாப்பிட்டவள், இப்போது தட்டு வைத்து உட்காருகிறேன். ஊசி போட்டபின் பசியில்லை என்று எழுந்துவிட முடியாது. எதிரே யாருமில்லை என்பது அப்போதுதான் அதிகம் தெரிகிறது.

இன்றும் சில நேரம் கை நடுங்கும். உடனே விரல் நுனியில் குத்தி, கருவியில் சர்க்கரை பார்ப்பேன். குறைந்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர். அளவு சரியாக இருந்தால், இது அவர் நினைப்புதான் என்று தெரிந்துகொண்டு, நடுக்கம் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன்.