பொட்டு வைக்காத மெஷின்

என் வீட்டுக்காரர் அழகுமலைக்குப் பொறுமை என்பது மரத்திடம் மட்டும்தான். மனுஷரிடம் கிடையாது, என்னிடம் சுத்தமாகக் கிடையாது. செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே எங்கள் தச்சுப் பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில் என்று எது செய்தாலும் பிசிறில்லாமல் செய்வார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போன ஆடியில் ஒரு கூத்துப் பண்ணினார். கையில் பிடித்து அறுக்கிற கட்டர் மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு பிளைவுட் மேசைக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டார். வட்ட ரம்பம் மேசைக்கு மேலே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ரம்பத்தின் மூடியைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார். சுவிட்ச் அமுங்கியே கிடக்கட்டும் என்று டேப்பும் சுற்றிவிட்டார். பலகையைக் கையால் தள்ளினால் ஓரம் நேராக அறுபட்டு வரும். பெரிய மெஷின் வாங்க வழியில்லாத பட்டறைகளில் பல பேர் இப்படித்தான் செய்கிறார்கள்.

எனக்கு அந்த மேசையைக் கண்டாலே ஆகாது. என் அண்ணன் ராஜபாண்டி இதே மாதிரி ஒரு மேசையில்தான் வலது கையில் மூன்று விரலைப் பறிகொடுத்தார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பந்திக்கு வரமாட்டார். கூட்டமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, ஓரமாக உட்கார்ந்து ஸ்பூனில் சாப்பிடுவார்.

சொன்னால் கேட்கிற ஆளா இவர்? "உங்கண்ணன் அசந்துட்டாரு. நான் அம்புட்டு லேசுல அசர மாட்டேன்" என்பார்.

ஆயுத பூசை வந்தது. உளி, சுத்தியல், இழைப்புளி, மூலைமட்டம் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். பட்டறை தொடங்கியதிலிருந்து சந்தனமும் குங்குமமும் வைப்பது நான்தான். வைத்துக்கொண்டே வந்து, அந்த மேசையைத் தாண்டிப் போனேன்.

"ஏய் செல்வி, மெஷினை விட்டுட்டியே?"

"விடல. வைக்க மாட்டேன்."

"என்ன புள்ள, நல்ல நாளும் அதுவுமா..."

"எங்கண்ணன் வெரலைத் தின்ன சாமானுக்கு என் கையால பொட்டு வைக்கணுமோ? வேணும்னா நீங்களே வச்சுக்கோங்க."

அவர் வைக்கவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு சூடம் காட்டினார்.

மறுநாள் புது வேலை. பழைய வீடு இடித்த தேக்குப் பலகைகளைச் சதுரமாக்கிக் கதவு செய்ய வேண்டும். பொட்டு வைக்காத சாமானில் முதல் வேலையைத் தொடங்க எந்தத் தச்சருக்கு மனசு வரும்? அது தெரிந்துதான் செய்தேன்.

எரிச்சலோடு பலகையைப் பெஞ்சில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். இழைப்புளியால் ஓர் ஓரத்தை நேராக்கி, அதில் மூலைமட்டத்தை அணைத்துக் கோடு கிழித்தார். கோட்டுக்கு வெளியே கைரம்பத்தால் அறுத்துவிட்டு, கோடு வரைக்கும் இழைத்தார். மறுபடி மட்டம் வைத்துப் பார்த்தார். மரத்தைப் பிடிக்கிற வேலை முழுக்கக் கிளாம்புக்கு. அவர் விரல் எதுவும் ரம்பத்தின் வழியில் இல்லை.

"ஒரு நா வேலை நாலு நா இழுக்கும். ஒனக்குச் சந்தோசந்தானே?"

"ரொம்பச் சந்தோசம்" என்றேன்.

அடுத்த பலகையில் இழைப்புளி 'டங்' என்று நின்றது. அதன் கத்தியில் ஒரு துண்டு தெறித்துப் போயிருந்தது. மரத்துக்குள்ளே தலை முறிந்த பழைய ஆணி. வெளியிலிருந்து பார்த்தால் மருந்துக்கும் தெரியாது. அந்த மேசையில் ஓட்டியிருந்தால் ரம்பம் ஆணியில் முட்டிப் பலகையைத் தூக்கி அடித்திருக்கும். தள்ளுகிற கை நேரே ரம்பத்தில் போய் விழுந்திருக்கும். என் அண்ணன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஆணி, ஆணி என்றுதான் புலம்பினார். யார் நம்பினார்கள்?

இவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தார். கட்டரைக் கழற்றி, டேப்பைப் பிய்த்து, மூடியைத் தேடி மாட்டி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"இப்ப வைப்பியா?"

குங்குமச் சிமிழை எடுத்துவந்து கட்டருக்குப் பொட்டு வைத்தேன். பிறகு அவர் கையை இழுத்து, கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலுக்கும் வைத்தேன்.

"இதென்ன கூத்து?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"உங்கண்ணன் அசரல புள்ள" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.