அக்கா மாட்டை விட்டு வந்த ஒரே ராத்திரி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிப் பிரித்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அட்டையில் அக்கா சிரிக்கும் படம் எங்கே எடுத்தது என்று நிறையப் பேர் கேட்பீர்கள். ஆலப்புழையில் ஒரு படகில் எடுத்தது. படத்தின் ஓரத்தில் கறுப்பாக வளைந்து தெரிவது படகின் பாகம் இல்லை. அது ஒரு கார் டியூப். அதற்குள் இருந்தது நான். என்னை வெட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தோம். அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் என் முகம் இருந்தால் மலர் வாங்குகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று தங்கை சொல்லிவிட்டாள்.

அக்கா மீனாட்சிபுரத்தில், மழையை நம்பிய ஒரு சின்ன விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். எலப்புள்ளியில் கட்டிக்கொடுத்தார்கள். மாமா சீக்கிரமே காலமாகிவிட்டார். அக்கா ஊர் திரும்பியபோது கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு செவலைக் கிடேரியும்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னையும் தங்கையையும் வளர்த்தது அக்காவும் அந்தக் கிடேரியும். எங்கள் சட்டை, செருப்பு, தங்கையின் கல்யாணம், நான் செக்போஸ்ட் பக்கம் போட்ட பஞ்சர் கடை, எல்லாம் பாலில் வந்தவை. எனக்குப் பெண் பார்த்ததும் அந்தப் பாலில் காபி போட்டுத்தான். பெண் வீட்டார் காபியைப் பாராட்டினார்கள். என் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் எழுந்து போய்விட்டார்கள். அதனால் அந்த வீட்டில் கடைசி வரை அக்காவும் நானும்தான்.

மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் ஒரு கறவை, மதியம் சாய்ந்ததும் ஒரு கறவை, இரண்டுக்கும் பால் சொசைட்டிக்கு ஓட்டம். அக்கா கல்யாண வீட்டில் சாப்பிட்ட கை காய்வதற்குள் பஸ் ஏறிவிடுவார். தங்கை வாழ்க்கைப்பட்ட, மலை மேல் இருக்கும் சித்திரபுரம் வீட்டை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

"மாடு இருக்குது சாமி, எப்படி வர்றது?"

போன வருஷத்துக்கு முந்தின தை மாதம், தங்கையின் கணவர், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் எங்கள் மாப்பிள்ளை, யாரையும் கேட்காமல் ஆலப்புழையில் ஒரு வீட்டுப் படகைப் பேசிவிட்டார். தங்கை குடும்பம், என் நண்பன் மணி குடும்பம், அக்கா, நான். ஒரு பகல், ஒரு ராத்திரி. "அக்கா வந்து ஒரு ராத்திரி தங்கலைன்னா நாங்களும் போகலை" என்று தங்கை போனில் அழுதாள். பக்கத்து வீட்டு வேலாத்தா மாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தார். அந்த ஒரு ராத்திரியாவது அக்கா மாட்டுக் கட்டுத்தரையை மறந்து தூங்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லாருடைய ஆசையும்.

என் கவலை வேறு. எங்கள் பக்கம் தண்ணீர் என்பது வாய்க்காலில் முறை வைத்து வருவது; அதில் முழங்கால் நனைந்தால் அதிர்ஷ்டம். டியூபை வாளியில் முக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பதோடு எனக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு முடிந்தது. குமிழி விடுகிறவனாக நானே ஆகிவிடக் கூடாதே என்று, கடையில் இருந்ததிலேயே நல்ல கார் டியூபாக எடுத்துக் காற்று அடித்துக் கொண்டுபோனேன். படகில் கொடுத்த மிதவைச் சட்டையையும் போட்டு, அதற்கு மேல் டியூபையும் மாட்டிக்கொண்டேன். மதியம் மீன் குழம்பு பரிமாறியபோது இலைக்கு என் கை எட்டவில்லை.

"என்ன மச்சான், கரையிலதான் கட்டிப் போட்டிருக்கு. இன்னும் படகை எடுக்கவே இல்லையே, இப்பவே நடுங்குறீக!" என்றார் மாப்பிள்ளை.

படகை எடுத்தார்கள். அக்கா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஓரிடத்தில் வயல் பள்ளத்திலும் கால்வாய் மேட்டிலும் இருந்தன. ஒரு மோட்டார் வயலில் இருந்த தண்ணீரை உறிஞ்சிக் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சேட்டா, தண்ணிய வெளியவா எறைக்கறீங்க?"

"அதே அம்மே. இல்லெங்கில் நெல்லு முங்கிப் போகும்" என்றார் படகோட்டி குட்டன் சேட்டன்.

"அட கடவுளே! டேய் தம்பி, இங்க பாருடா. நாம மானத்தப் பாத்துட்டு நிக்கறோம், இவங்க தண்ணிய வெளிய தள்றாங்க. ஒரு டேங்கர் கொண்டாந்திருந்தா ரொப்பிட்டுப் போயிருக்கலாமல்லொ!"

அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் ஜோக்குகளுக்கு ஒரு நாளும் கிடைக்காத சிரிப்பு ஒரு மோட்டாருக்குக் கிடைத்தது.

ஆனால் மதியம் சாய்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய படகு போக முடியாத குறுகலான கால்வாய்களைப் பார்க்க எங்களை ஒரு சின்ன வள்ளத்தில் ஏற்றியிருந்தார்கள். அது கறவை நேரம். அக்காவின் விரல்கள் மடியில் கிடந்தபடியே மூடி மூடித் திறந்தன. வேலாத்தாவுக்குப் போன் போட்டார்.

"கறந்தாச்சா? ஒதைக்குதா? போனைக் கொஞ்சம் அது காதுல வையி." பிறகு போனில், "ஓ... ஓ... நில்லு சாமி" என்றார். வள்ளத்தில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. போனை அணைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார்.

"என்னைய கரையில எறக்கி வுட்டுருங்க கண்ணு. நீங்க எல்லாரும் இருந்துட்டு வாங்க. நான் பஸ் புடிச்சுப் போய்க்கறேன்."

தங்கையின் முகம் வாடிவிட்டது. மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தார். குட்டன் சேட்டன் வள்ளத்தைக் கரைப் பக்கம் திருப்பினார். அப்போதுதான் ஆகாயத் தாமரை என்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. வள்ளம் நின்றது. அவர் குனிந்து அதை அறுக்க, வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது.

நான் எழுந்து நின்றேன். வள்ளத்தில் எதைச் செய்யக் கூடாதோ அதுதான் எனக்கு முதலில் வரும்.

"மணி! கடைச் சாவி காலண்டருக்குப் பின்னாடி ஆணியில தொங்குதுடா! உன் பைக் ரெடியாயிருச்சு, எடுத்துக்கோ! அக்கா, என்னைய மன்னிச்சுரு!"

"உக்கார்றா டேய், கவுத்திராத!" என்று மணி கத்தினான்.

"பேடிக்கண்டா சேட்டா," பயப்பட வேண்டாம் என்று குட்டன் சேட்டன் துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் விட்டுக் காட்டினார். இடுப்பளவு. அந்த இடுப்பளவில் நான் மனசுக்குள் மூழ்கி, பிணமாக மிதந்து, பத்திரிகையில் வந்து, எல்லாம் முடிந்திருந்தது. உட்கார்ந்தேன். பல் தந்தி அடித்தது. டியூபும் சேர்ந்து நடுங்கியது.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் தாடைக்குக் கீழே கையை வைத்து, கழுத்தை மேலிருந்து கீழாகத் தடவினார். புதுக் கிடேரியை முதல் கறவைக்கு நிறுத்தும்போது தடவுவாரே, அதே கை.

"ஓ... ஓ... நில்லு சாமி, நில்லு. ஒண்ணுமில்ல."

நான் நின்றேன். அதாவது, நடுக்கம் நின்றது.

"மதினி, மச்சான் எத்தனை லிட்டர் கறப்பாக?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"சும்மா இருங்க மாப்ளே. இது பயந்த உருப்படி. தொட்டுக்கிட்டே இருக்கோணும்."

என்ஜின் மறுபடி ஓடியது. வள்ளம் கரையைத் தொட்டதும், "பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கட்டுமா அக்கா?" என்று தங்கை மெல்லக் கேட்டாள்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். கை என் கழுத்தில்தான் இருந்தது.

"இத இப்பிடி வுட்டுட்டு எங்க போறது? பொளுது விடியட்டும்."

அப்படித்தான் அக்கா தங்கினார். நான் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அன்றைக்குப் பயந்ததுதான். காலையில் வெயில் படகின் ஜன்னல் வழியாக அக்காவின் முகத்தில் விழுந்தது, அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் அக்கா தூங்கி நான் பார்த்தது அன்றுதான். யாரும் எழுப்பவில்லை. குழந்தைகளைக்கூடச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டோம். எழுந்து, "அய்யோ, கறவை நேரம்!" என்று பதறி, எதிரே நான் அப்போதும் டியூபுக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாரே, அதுதான் அட்டைப் படம்.

அடுத்து வந்த மார்கழியில் அக்காவுக்கு இதயம் தளர்ந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்த ராத்திரிகளை, மாட்டை விட்டு வந்த ராத்திரிகளாக நான் சேர்க்க மாட்டேன். அவை அவர் விரும்பித் தங்கியவை அல்ல. கடைசி நாள் தீவிர சிகிச்சை அறைக்குள் கூப்பிட்டார்கள். சொல்வதற்கு ஒரு ஜோக் தயார் செய்துகொண்டுதான் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள், ஆக்ஸிஜன் முகமூடி போட்டுக் கிடந்தவர், ஊசி குத்திய கையை மெதுவாகத் தூக்கி என் தாடைக்குக் கீழே வைத்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது வீட்டில் நானும், அந்தப் பழைய கிடேரியின் வழியில் வந்த இந்தச் செவலையும். கடையில் பகல் முழுக்க நாலு பேரைச் சிரிக்க வைக்கிறேன். வீட்டுக்கு வந்து ஒரு ஜோக் சொன்னால் அது சொன்ன இடத்திலேயே நிற்கிறது. அக்கா சிரிக்க மாட்டார், "போடா" என்பார். அந்த "போடா" வந்தால்தான் என் ஜோக் முடியும். இந்த ஒரு வருஷத்தில் முடியாத ஜோக்குகள் வீடு முழுக்கக் கிடக்கின்றன, கால் வைக்க இடமில்லை.

அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மாட்டை ஒரு வேளைகூடப் பட்டினி போடாத வேலாத்தாவுக்கும், பிறகு எனக்குக் கறக்கக் கற்றுக்கொடுத்து, நான் உதை வாங்கியபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்த அவருடைய மரியாதைக்கும் என் நன்றி. ராப்பகலாக வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்த மணிக்கும், மலை இறங்கி வந்து எல்லாச் சடங்கையும் தோளில் சுமந்த தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும், செய்தி கேட்டுப் போனில் அழுத குட்டன் சேட்டனுக்கும், இன்று வந்து எங்கள் வீட்டுச் சோற்றில் கை நனைக்கும் உங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

உறவினர்கள் மாட்டை விற்றுவிடச் சொல்கிறீர்கள். செவலைக்கு என்னைக் கண்டால் பயம்; எனக்கும் அதைக் கண்டால் பயம். சாயங்காலம் அதன் கழுத்தைத் தடவி, "ஓ... ஓ..." என்கிறேன். அது கழுத்தை நீட்டி நீட்டிக் கொடுக்கிறது. என் கழுத்துதான் சும்மா இருக்கிறது.

மாப்பிள்ளை, அக்கா நினைவாக எல்லாருமாக மறுபடி படகுக்குப் போகலாம் என்று போன வாரம் கூப்பிட்டீர்கள். தண்ணீருக்குப் பயந்து நான் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பீர்கள். இடுப்பளவுதான் என்று எனக்கு இப்போது தெரியும். நீங்கள் எல்லாரும் போய்விட்டு வாருங்கள்.

மாடு இருக்குதுங்க மாப்ளே, எப்படி வர்றது?