என் தம்பி பார்த்த வெள்ளைச் சுவர்

தம்பி சந்தியாகு இறந்த செய்தி வந்தபோது நான் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தேன். அவன் வேலை பார்த்த மோட்டார் பட்டறையிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து வரப்பில் நின்றான். "சந்தியாகு அக்கா யாரு? காலையில உசுரு போயிட்டு. மஞ்சக்காமாலை முத்திட்டுன்னு டாக்டர் சொன்னாரு" என்றான். பலகையைப் போட்டுவிட்டுக் கரையேறினேன். கணக்கப்பிள்ளை குடைக்கு அடியிலிருந்து கேட்டார்: "எந்தச் சந்தியாகு? தோணியக் கொண்டுபோய்க் கல்பார்ல ஏத்துனானே, அவனா?"

ஆள் செத்த சேதி வந்து நிற்கும்போது கேட்கிற கேள்வியா இது? தம்பி எத்தனை வருசம் தோணித் தலைவனாக, தண்டலாக இருந்து கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் தோணி ஓட்டினான். எத்தனை பேரைப் பத்திரமாகக் கரை சேர்த்தான். அது ஒருவருக்கும் நினைவில்லை.

அடக்கத்தில் இன்னும் மோசம். தோணிக்குச் சொந்தக்காரரான முதலாளி காரில் வந்து இறங்கினார். குழியில் மண் விழுமுன்னே எல்லாரும் கேட்கும்படி பேசினார். "சந்தியாகு ஒரு தப்புப் பண்ணிட்டான். ஒரு தோணி போச்சு, ஒரு உசுரு போச்சு. இனிமே என்ன? நாம எல்லாரும் அவன மன்னிச்சிருவோம்." கூட்டம் தலையாட்டியது. போன அந்த ஓர் உயிர் என் வீட்டுக்காரருடையது. மன்னிப்பதாக இருந்தால் முதலில் என்னையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

தம்பியைத் தெரிந்தவர்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உலகச் சண்டைக் காலத்தில் நடந்தது. கடலில் வருகிறவர்கள் கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்துத்தான் வழி பிடிப்பார்கள். அதைக் கணியம் என்பார்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே முதலாளியின் சொந்த ஊரில் சரக்கு இறக்கும் துறை இருக்கிறது. அங்கே மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரமும் அதற்குப் பின்னால் தெரியும் பனங்கூட்டமும்தான் கணியம். இரண்டும் நேர்கோட்டில் வந்தால் ஆழமான வழி. கொஞ்சம் தெற்கே தப்பினால் தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் பாறை, கல்பார். அந்தத் தடவை என் வீட்டுக்காரரும் தோணியில் இருந்தார். கொழும்பிலிருந்து தேங்காய் ஏற்றி வந்தார்கள். விடிகிற வெளிச்சத்தில் தம்பி வெள்ளையைப் பார்த்தான், கோபுரம் என்று சுக்கானைத் திருப்பினான். தோணி பாரில் ஏறிப் பிளந்தது. பாய்மரம் முறிந்து என் வீட்டுக்காரர் மேல் விழுந்தது. மற்ற இரண்டு பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். நினைவிழந்து கிடந்த தம்பியைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். அப்படியே வண்டியில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள்.

விசாரணையில்தான் விஷயம் தெரிந்தது. தோணி கொழும்பில் கிடந்தபோதே, ஆகாயக் கப்பல் வந்து குண்டு போடும் என்று பயந்து கோபுரத்துக்குக் கீல் பூசிக் கறுப்பாக்கியிருந்தார்கள். "அப்போ நான் பாத்த வெள்ளை எது?" என்று தம்பி கேட்டான். அந்தக் கரையில் வெள்ளை என்று ஒன்றுமே இல்லை என்று முதலாளி ஆட்கள் சத்தியம் செய்தார்கள். கூட வந்த இரண்டு பேரும் அதற்குள் முதலாளியின் வேறு தோணியில் ஏறிவிட்டார்கள். வாயைத் திறக்கவில்லை. கள் குடித்திருந்தான் என்றார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவன் கையில் சுக்கான் கொடுக்கவில்லை.

என் மாமியார் அவன் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பெற்றவள். எனக்கும் நெஞ்சில் கல் இருந்தது. தம்பி வந்தால் கதவோரம் நின்று கஞ்சி கொடுப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன்.

அவன் மோட்டார் பட்டறையில் சேர்ந்தான். ஒரு நாள் காலையில் எங்கள் தெருவே அதிர மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். ரிப்பேருக்கு வந்த யாரோ ஒரு துரையின் வண்டி. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி எடுத்து வந்திருக்கிறான். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த நேரம். இரண்டு பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றிக் கட்டியிருந்தான்.

"எக்கா, ஏறு. அந்த ஊருக்குப் போவோம்."

"நான் எதுக்குலே?"

"நான் பாத்த வெள்ளை இருக்கா இல்லையான்னு பாக்கணும். நான் மட்டும் பாத்தா எனக்கு வேண்டியதத்தான் பாப்பேன். நீ பாரு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. நான் குடிக்கலக்கா. ஆனா என் கண்ண என்னாலயே இப்போ நம்ப முடியல."

வெள்ளைச் சேலை கட்டிய நான் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். மாமியார் வாசலுக்கு வந்து கத்தினாள்: "எம்மவனக் கொன்னவன் முதுகுல ஒட்டிக்கிட்டு ஊர்கோலமா போறியாளா? திரும்பி வரும்போது இந்தக் கதவு தெறந்திருக்காது."

நான் அதுவரை தூத்துக்குடியைத் தாண்டியதில்லை. உப்பளங்கள் முடிந்ததும் காற்றே வேறாக இருந்தது. தாமிரபரணியைத் தாண்டினால் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், கண்ணுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினதுபோல. வண்டி திரும்பும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் சாயாமல் விறைத்துக்கொண்டு இருந்தேன். "வண்டி சாயுத பக்கம் நீயும் சாயணும்க்கா. தோணியும் இப்படித்தான், பயந்து எதிர்ப்பக்கம் போறவன்தான் கவுத்துவான்" என்றான்.

ஆறுமுகநேரியில் ஒரு கடை அண்ணாச்சி சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பின்னால யாரு தம்பி, சம்சாரமா?"

"அக்கா அண்ணாச்சி. எறக்கி விட்டா நடந்தே வீட்டுக்குப் போயிருவா, அதான் வண்டிய நிறுத்தவே பயமா இருக்கு."

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்காரர் போனபின் முதல் சிரிப்பு. அந்த நிமிசமே எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று ஒவ்வோர் ஊர் வரும்போதும் அவன் வண்டியை மெதுவாக்கி வேடிக்கை பார்த்தான். எல்லாம் அவனுக்குக் கடலிலிருந்து தெரிந்த ஊர்கள். "இத்தன வருசமா மூஞ்சியத்தான் பாத்திருக்கேன். ஊருக்கெல்லாம் முதுகும் இருக்கு, பாத்தியா" என்றான். திருச்செந்தூருக்குத் தெற்கே தார் இல்லை. தேரிக்காட்டுச் செம்மணலில் சக்கரம் புதைந்தது. இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். பனைகளுக்கு நடுவே கடல் நீலத் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டே வந்தது.

அந்த ஊர் வந்தது. கறுப்புக் கோபுரம் நின்றது. அதற்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி முதலாளியின் சரக்குக் கிட்டங்கி, அத்தனை நீளச் சுவர். செக்கச் செவேலென்று இருந்தது. தம்பி வண்டியை விட்டு இறங்கவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் பாருக்கா" என்றான்.

போனேன். ஒரு கிளிஞ்சலை எடுத்துச் சுரண்டினேன். செம்மண் பொடி உதிர்ந்தது. உள்ளே வெள்ளை. பழைய வெள்ளை இல்லை, அழுக்குப் படாத புதுச் சுண்ணாம்பு. இன்னோர் இடத்தில் சுரண்டினேன், அங்கேயும் அதே.

பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள்: "என்னளா சுரண்டுத?"

"இது எப்போ வெள்ளையடிச்சது?"

"மொதலாளி மவ கலியாணத்துக்கு. பந்தி இங்கனதான் நடந்துச்சு. சுவரு அப்படியே முத்தாட்டம் மின்னும். மறுநாளே ஒரு தோணி ஒடஞ்சு ஒரு ஆளு செத்துப்போனான். அன்னைக்கே ஆளு விட்டு செம்மண்ணக் கரைச்சு அடிச்சிட்டாவ. ஒரு சாவு விழுந்துருக்கு, வெள்ளையும் சொள்ளையுமா இருந்தா நல்லாருக்காதுன்னு மொதலாளி சொன்னாவளாம். நல்ல மனசு."

நல்ல மனசாம். வெள்ளையடித்தது குற்றம் என்று நான் சொல்லவில்லை. மகள் கலியாணம், அடித்தார். கரையில் ஒரு மரம் விழுந்தாலும் வருகிற தோணிக்குச் சொல்லி அனுப்புகிற கடற்கரை இது. கோபுரம் கறுத்ததையும் சுவர் வெளுத்ததையும் ஒரு கட்டுமரம் வந்து சொல்லவில்லை. அதைக்கூட மறதி என்று விட்டுவிடலாம். ஆனால் தோணி உடைந்த அன்றே செம்மண் பூசினார் பாருங்கள், அது மறதி இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்தவர்தான் அப்படிப் பூசுவார். பூசிவிட்டு, வெள்ளையே இல்லை என்று சத்தியம் செய்ய ஆள் அனுப்பினார். இன்று வந்து மன்னிக்கிறார்.

திரும்பிப் போய், "இருக்குலே" என்றேன். தம்பி வண்டியின் கைப்பிடிமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நெசமாத்தானக்கா?" என்றான். "நெசமாத்தான்" என்றேன்.

நேரே போய் முதலாளியைக் கேட்போம் என்று நான் துள்ளினேன். அவன் விடவில்லை. "உன் மாமியா, கொழுந்தன், நீ, எல்லாரும் அவுக உப்பளத்துலதான் நிக்கிய. கேட்டா நாளைக்கு அடுப்பு எரியாது. நான் பாத்தது சரியில்ல, அதுவும் நெசந்தான். கோபுரமா இல்லையான்னு இன்னொரு தரம் பாத்திருக்கணும். நீ தெரிஞ்சிக்கிட்டல்லா, எனக்கு அது போதும். நான் இருக்கிற மட்டும் இதப் பேசாத" என்றான். அவன் இருக்கிற மட்டும் பேசவில்லை.

அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். "வந்ததும் வந்தோம், மணப்பாடு பக்கந்தான். போவமா?" என்று கேட்டான். போனோம். குன்றின்மேல் ஏறி நின்றால் மூன்று பக்கமும் கடல். அலை பாறையில் அடித்து எங்கள் முகத்தில் தெறித்தது. கீழே தோணிகளும் கட்டுமரங்களும் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எந்தக் கணியம் பிடித்து வருகிறது என்று காட்டிச் சொன்னான். அன்றைக்குத்தான் அவன் முகத்தை முழுசாகப் பார்த்தேன். எங்கள் அப்பா முகம் அப்படியே இருந்தது.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இதுதான்: சுவருக்கு முதுகைக் காட்டி அவன் உட்கார்ந்திருந்த விதம். அவன் பெயரைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி எதிரே நின்றது. அதைக்கூட இன்னொருத்தி பார்த்துச் சொல்லாமல் அவன் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேர்மைக்கு இந்த ஊர் கொடுத்த பெயர் குடிகாரன்.

முப்பதாம் நாள் பூசைக்கு முதலாளியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் அந்தச் செம்மண்ணைப் பற்றிக் கேட்கப் போகிறேன். உப்பள வேலை போனால் போகட்டும். வீட்டில் சொல்லாமல் செய்யக்கூடாது என்று, அந்த ராத்திரி கதவைச் சாத்திவிட்டு விடிந்ததும் திறந்துவிட்ட மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"ஏளா, நீ கேக்காத. செத்தது எம்மவன். நான் கேக்கேன்."