காரில் பொருத்திய புது செட்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சம்பளம் அதில், உயிர் ஹாம் ரேடியோவில்; லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வயர்லெஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசுகிற பொழுதுபோக்கு அது. வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். மைக்கைப் பிடித்துவிட்டாலோ ஊர் உலகத்துக் கதையெல்லாம் அளப்பார். சந்தைக்கு எந்த செட் புதிதாக வந்தாலும், ரேடியோ சங்கத்துப் பத்திரிகைக்கு அதைப் பற்றி மதிப்புரை எழுதுவது அவர்தான்.

மூன்று மாதத்துக்கு முன், தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். நண்பர்களோ, ஆள் வெளியூரில் வேலையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். வழக்கம்போல சங்கத்திலிருந்து செட் வந்து இறங்கியது. காரில் வைப்பது, கலர் திரை வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “திருப்பி அனுப்பிடுங்க” என்றேன். கேட்டால்தானே! காரில் பொருத்தி ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். வெயிலில் திரை வெளுத்துப்போகிறது, பட்டன்கள் ரொம்பப் பொடிசு, ஸ்பீக்கர் பரவாயில்லை. ஒன்றே ஒன்றுதான் பாக்கி: பேசுகிற குரல் எதிர்முனையில் எப்படிக் கேட்கிறது. சோதிக்காமல் எழுதினால் பொய்யாகிவிடுமாம்.

ஞாயிறு காலை, சங்கத்தார் எல்லோரும் ரேடியோவில் கூடிப் பேசும் நேரம். காரில் அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். மைக்கை எடுத்துப் பட்டனை அழுத்தினார். உதடு மட்டும் அசைந்தது. மைக்குக்காவது கேட்டுவிடாதா என்று நினைத்தாரோ என்னவோ, பாவி மனுஷன்!

“யாருப்பா அது? சிக்னல் ஃபுல்லா வருது, பேச்சையே காணோம்,” என்றார் பல் டாக்டர். இருபது வருடச் சிநேகிதர். “மைக் அவுட்டு. செட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

இவர் மறுபடி அழுத்தினார். அதே பதில்தான். கூடவே யாரோ சிரித்தார்கள்.

லைசென்ஸ் இல்லாத ஆள் மைக்கைத் தொட்டால் இவருக்குப் பொல்லாத கோபம் வரும். எனக்கு லைசென்ஸ் கிடையாது. வந்தால் வரட்டும் என்று பிடுங்கினேன். என் குரல் டாக்டருக்குப் பழக்கம்தான்.

“அண்ணே, மைக் நல்லாத்தான் இருக்கு. இவருக்குத்தான் குரல் போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க.”

திரையில் சிக்னல் காட்டும் பச்சைக் கோடு முழுசாக எழுந்து அடங்கியது, சத்தமே இல்லாமல். மறுபடி எழுந்தது. ஒவ்வொருவராகப் பட்டனை அழுத்துகிறார்கள், ஒருவருக்கும் பேச வரவில்லை. ஏழு தடவை எண்ணினேன்.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழுவதற்குக்கூட அவரிடம் சத்தம் இல்லை.