நிறைகுடத்துக்குப் பின்னால் நான்

மகளின் கல்யாண வீடியோவில் அறுகரிசி போட்டு வாழ்த்தும் இடம் வந்ததும் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். அடுத்தது நான். மணவறைக்கு இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். வந்தது ஒரு நிறைகுடம்.

தேங்காயும் மாவிலையும் வைத்த குடத்தின் படம் ஒன்றை, ஓரமெல்லாம் பூவேலை செய்து, என் ஆளளவுக்கு வீடியோவின் மேல் ஒட்டியிருந்தார்கள். படம் அசையவில்லை. நான் மரமில்லையே, குனிந்திருக்கிறேன். குடத்தின் விளிம்பிலிருந்து என் வலக்கை மட்டும் வெளியே வந்து, மகளின் தலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனது. மகள் அந்தக் குடத்தை நிமிர்ந்து பார்த்துக் கண்கலங்கினாள்.

அவளுடைய அப்பா அவள் பள்ளிக்கூடம் போகுமுன்பே இறந்துபோனார். அதனால் நான் தாரைவார்க்கக் கூடாது என்றார்கள். சரியென்று அண்ணையையும் அண்ணியையும் முன்னே விட்டு ஒதுங்கி நின்றேன். அறுகரிசிக்கு மட்டும் மகள் எல்லோருக்கும் கேட்க, "அம்மா, நீங்களும் வாங்கோ" என்று கூப்பிட்டாள். அன்று காலை என் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டதும் அவள்தான். கல்யாண ஹோலில் அதைக் கண்ட அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மோர்டனிலிருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், நான்தான் போடச் சொன்னனான்," என்றார். "சம்பந்தி ஆக்கள் கனடாவில எல்லாருக்கும் போட்டுக் காட்டுவினம். மங்கலமான இடத்தில ஒரு கதை வரப்படாது. நீ குறை நினையாதை."

குறை நினைக்காமல் வேறென்ன நினைப்பது? அவருடைய மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் பலகாரம் முழுவதும் சுட்டது இதே கைதான். அன்றைக்கு என் பலகாரத்தை ஒருவரும் குடம் வைத்து மறைக்கவில்லை. வழித்துத் துடைத்துத் தின்றார்கள்.

போனை வைத்துவிட்டு லூயிஷாமில் என் வீட்டிலிருந்து ரயில் மாறி மாறி, குட்மேய்ஸில் வீடியோ எடிட் செய்தவரின் வீட்டுக்கே போனேன். கனடாவுக்கு இன்னும் அனுப்பவில்லை என்றார். நல்லகாலம். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். கீழே ஒரு பட்டையில் வீடியோ, அதற்கு மேலே இன்னொரு பட்டையில் குடம். மேல் பட்டையின் பக்கத்தில் சின்னதாக ஒரு கண்.

"இந்தக் கண்ணை அமத்தினால் குடம் போயிடும், அன்ரி. அடியில நீங்கள் அப்பிடியே இருக்கிறியள்," என்றவர், கையை எடுத்துக்கொண்டார். "ஆனா உங்கட அண்ணையிட்ட ஒருக்காக் கேக்க வேணும்."

"பிள்ளையைப் பெற அவரிட்டக் கேட்டனானோ, தம்பி?"

அவர் மவுஸை என் பக்கம் தள்ளிவிட்டார். நானே அமத்தினேன்.

குடம் போய்விட்டது. மகளுக்கு முன்னால் நான் குனிந்து நிற்கிறேன். நெற்றியில் பொட்டு பளிச்சென்றிருக்கிறது. இவ்வளவு நேரமும் குடத்தைப் பார்த்துக் கலங்கிய பிள்ளை, தான் வைத்துவிட்ட அந்தப் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த இடத்தில் நிறுத்தி, அதை ஒரு படமாக எடுத்துத் தரச் சொன்னேன். ரயில் ஏறுமுன் அண்ணைக்கு அனுப்பிவிட்டேன்.