வழுக்கை வக்கீலின் காதோர முடி

உள்ளறையிலிருந்து கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. சளக், சளக்.

முன்னறையில் மைத்துனனின் பேச்சு பாதியில் நின்றது. "அத்தானால ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியல சார், படுத்த படுக்கையா கிடக்கிறாரு" என்று அப்போதுதான் அவன் வக்கீலிடம் கண்கலங்கச் சொல்லியிருந்தான்.

சளக், சளக்.

மைத்துனன் பலமாக இருமினான். அவனுடைய அக்காள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வீட்ல வேற யாரும் முடி வெட்டுவாங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

முடிதிருத்தும் அந்த மனிதரைக் கடைத்தெருவில் எல்லோரும் 'கிருதா' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்கு எதிரே சாலையைக் கடந்தவரை ஒரு கார் இடித்துத் தள்ளியதில் வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள்தான் மடங்க மறுத்தன. கார்க்காரர் தரப்போ, கை குணமாகிவிட்டது, நஷ்ட ஈடு எதற்கு என்றது. கிருதாவிடம் தலையைக் கொடுக்கும் வக்கீல்கள் இரண்டு பேர். ஒருவர், கேஸ் நிற்காது என்று கைவிரித்தார். மற்றவர், "கையை அசைக்கவே கூடாது. யார் வந்தாலும் முனகணும்" என்று யோசனை சொன்னதோடு ஒதுங்கிக்கொண்டார். மிஞ்சியவர், கடைப்பக்கமே வரத் தேவையில்லாத இந்த வழுக்கை வக்கீல். இவரும் எழுந்து போய்விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

திரையை விலக்கிக்கொண்டு கிருதா வந்தார். கத்தரிக்கோல் இடது கையில் இருந்தது.

"மன்னிச்சிருங்க சார். முனகச் சொன்னாங்க. எனக்கு அது வரல. பாடச் சொல்லியிருந்தாக்கூடப் பாடியிருப்பேன்."

"காரியத்தையே கெடுத்துட்டீங்களே அத்தான்."

வக்கீல் சிரிக்கவில்லை. "முடியாததை முடியாதுன்னு சொல்லுங்க, போதும். முடியறதை மறைச்சா நான் கேஸை எடுக்க மாட்டேன். இடது கையால வெட்ட வருதா?"

கிருதாவின் பார்வை அவர் தலையில் ஊர்ந்து, காதோரத்தில் நின்றது. "இங்க கொஞ்சம் இருக்கே சார். உட்காருங்க, பார்த்துருவோம்."

"ஏங்க, அவருக்கு இருக்கிறதே அவ்வளவுதான்" என்றாள் மனைவி.

வக்கீல் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கிருதா வலது கையில் சீப்பை எடுத்தார். அது நழுவி விழுந்தது. மனைவி எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது. அடுத்த முறை அவள் அதைக் கொடுக்கவில்லை. தானே முடிக்குள் சீப்பைச் செருகிப் பிடித்தாள்.

"கொஞ்சம் மேல."

"இவ்வளவா?"

"அங்கதான். ஆடாம நில்லு."

அவள் பிடித்தாள், அவர் வெட்டினார். அவள் கண்ணில் திரண்ட நீர் வக்கீலின் தோள்துண்டில் விழுந்தது. கையை எடுத்தால் வேலை கெட்டுவிடும் என்று அவள் அதைத் துடைக்கவில்லை.

வக்கீல் கண்ணாடியில் பார்த்தார். "ஒரு பக்கம் படிக்கட்டு மாதிரி இருக்கே."

"அடிபடுறதுக்கு முன்னால இப்படி வெட்டியிருந்தா, கடையை நானே பூட்டியிருப்பேன் சார்." கிருதா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இதையேதான் கோர்ட்லயும் சொல்லணும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கேஸை நான் எடுத்துக்கறேன்."

மைத்துனன் பரபரத்தான். "வாங்க சார், பக்கத்துக் கடையில சரி பண்ணிக் கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம்ப்பா. வளரட்டும். இவரே சரி பண்ணுவாரு."

காதோரத்தைத் தடவிக்கொண்டே வக்கீல் படியிறங்கினார். அவர் தெருமுனை திரும்பும்வரை கிருதா வாசலில் நின்றார். மனைவி கதவைச் சாத்தினாள். சீப்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.